கொழும்பு மேடையில் தோன்றிய வேலன்
27 வயதில் மறைந்த பாட்டு மன்னர் எஸ்.ஜி.கிட்டப்பா

மைக் கிடையாது. ஒலிபெருக்கி கிடையாது. எதிரே ஆயிரக்கணக்கான ஜனங்கள். கொட்டகையின் கடைசி மூலையில் தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவன் காதிலும் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழவேண்டும். விழாவிட்டால் அங்கிருந்தே கூச்சல் கிளம்பும்!

அந்தக் காலத்து நாடக மேடை அப்படிப்பட்டது. அங்கே தொண்டைதான் மூலதனம். குரல் உள்ளவன் ராஜா. குரல் போனவன் கூட்டத்தில் ஒருவன்.

அப்படிப்பட்ட மேடையில், மீசை அரும்பும் வயதிலேயே முடி சூடிக்கொண்டார் ஒருவர். தமிழ்நாடு முழுவதும் அவர் பெயர் பரவியது. கடல் கடந்து இலங்கையிலும் பரவியது. ஆனால் அந்தப் புகழை அனுபவிக்க அவருக்குக் கிடைத்த ஆயுள் 27 ஆண்டுகள்தான்.

அவர்தான் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா!

செங்கோட்டைச் சிறுவன்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், குற்றாலச் சாரல் வீசும் ஊர் செங்கோட்டை. அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1956-ல்தான் தமிழ்நாட்டோடு இணைந்தது. ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதனும் இந்த ஊர்க்காரரே.

இங்கே கங்காதர அய்யர்-மீனாட்சி அம்மாள் தம்பதிக்கு 1906-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந்தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ராமகிருஷ்ணன் என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் செல்லமாகக் கிட்டன் என்று கூப்பிட்டார்கள். கிட்டன் கிட்டப்பா ஆனான். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

குடும்பம் பெரியது. வருமானம் சிறியது. பிள்ளைகளைப் படிக்க வைக்க வசதி இல்லை. அந்த நாளில் பாடத் தெரிந்த ஏழைப் பையனுக்கு ஒரே ஒரு வாசல்தான் திறந்திருந்தது. அது நாடகக் கம்பெனி வாசல். அங்கே சேர்ந்தால் மூன்று வேளைச் சோறு நிச்சயம்.

கிட்டப்பாவின் அண்ணன்மார் அந்த வாசலுக்குள் முதலில் நுழைந்தார்கள். அவர்கள் பின்னாலேயே கிட்டப்பாவும் போனார். மேடை ஏறியபோது அவருக்கு வயது ஐந்தோ ஆறோதான்! பள்ளிக்கூடத்தில் அ, ஆ எழுதவேண்டிய வயதில் காலில் சலங்கையும் முகத்தில் அரிதாரமுமாக நின்றார்.

சங்கரதாஸ் சுவாமிகள் தந்த பாடம்

தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படுகிறவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் பிறந்து 1922-ல் மறைந்தவர். வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, சதி சுலோசனா என்று நாற்பதுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதிக் குவித்தவர். ராத்திரியோடு ராத்திரியாக உட்கார்ந்து ஒரு முழு நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக எழுதி முடிக்கும் ஆற்றல் அவருக்கு உண்டு.

சிறுவன் கிட்டப்பாவுக்கு அந்தச் சுவாமிகளின் குழுவில் இடம் கிடைத்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே பாட்டும் வசனமும் நெட்டுருவாகிவிட்டன. ஒரு பாட்டை ஒரு தடவை கேட்டால் போதும். அப்படியே திருப்பிப் பாடுவார்.

பெரிய வித்துவானிடம் முறையாகக் குருகுலவாசம் செய்து அவர் சங்கீதம் படித்ததில்லை. கேள்வி ஞானம்தான். கச்சேரிகளைக் கேட்பார். நாதஸ்வரத்தைக் கேட்பார். கேட்டதைத் தொண்டையில் பிடித்து வைத்துக்கொள்வார். மறுநாள் இரவு அது மேடையில் ஒலிக்கும்!

பிறகு சென்னை கன்னையா கம்பெனியில் சேர்ந்தார். அந்நாளில் காட்சி ஜோடனைக்குப் பேர்போன கம்பெனி அது. கன்னையாவின் தசாவதாரம் நாடகத்தைப் பார்க்க ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். ஜொலிக்கும் திரைகள், நகைகள், தந்திரக் காட்சிகள் ஆகியவற்றுக்கு நடுவிலும் ஜனங்களின் கண்ணும் காதும் கிட்டப்பாவையே தேடின. நல்ல சிவந்த மேனி, களையான முகம், அதற்கேற்ற குரல். இருபது வயதுக்குள் நட்சத்திர நடிகராகிவிட்டார்.

குரலின் ரகசியம்

கிட்டப்பாவின் குரலில் அப்படி என்ன விசேஷம்?

ஹார்மோனியத்தில் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஆண்கள் சாதாரணமாக ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை, இரண்டு கட்டையில் பாடுவார்கள். பெண்கள் நாலரை, ஐந்து கட்டையில் பாடுவார்கள். கிட்டப்பாவோ நான்கு கட்டைக்கும் மேலே சுருதி வைத்துக்கொண்டு, அங்கிருந்து தாரஸ்தாயிக்குத் தாவுவார். மேலே போகப்போகக் குரல் மெலியாது; கீச்சிடாது. வெண்கல மணியை அடித்ததுபோலக் கணீர் என்று நிற்கும். அங்கேயே நின்றுகொண்டு பிருகாக்களை உதிர்ப்பார்.

இதில் விஞ்ஞானமும் இருக்கிறது. மனிதனின் காது எல்லா ஒலியையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. வினாடிக்கு 2,000 முதல் 4,000 வரை அதிர்வுள்ள ஒலி அதற்கு மிக எளிதில் எட்டும். தேர்ந்த பாடகனின் கணீர் ஒலி அந்த எல்லைக்குள் வந்து விழுகிறது. அதனால்தான் ஹார்மோனியம், மிருதங்கம், ஜனங்களின் சலசலப்பு எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு அது போகிறது. பழவேற்காடு ஏரியில் வலை வீசும் மீனவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அடித்தொண்டையில் கத்தினால் குரல் காற்றோடு போய்விடும். எடுப்பான குரலில் கூப்பிட்டால்தான் அடுத்த படகுக்காரன் திரும்பிப் பார்ப்பான்!

மேல்நாட்டில் இப்படிப்பட்ட உச்சக் குரல் ஆண் பாடகரை டெனர் என்கிறார்கள். இத்தாலியரின் ஓபரா என்பது முழுக்க முழுக்கப் பாட்டாலேயே நடக்கும் நாடகம். அதில் காதலன் வேஷம் என்றால் அது டெனருக்குத்தான். நேப்பிள்ஸ் நகரத்து ஏழை வீட்டுப் பிள்ளை என்ரிக்கோ கரூசோ 1897-ல், லா போயம் என்ற ஓபராவில் ரோடோல்போ என்ற ஏழைக் கவிஞனாகத் தோன்றினார். அப்போது அவருக்கு வயது 24. பின்னால் உலகமே அவர் இசைத்தட்டுகளை வாங்கிக் குவித்தது.

அந்தக் கதையில் ஒரு காட்சி. அணைந்த மெழுகுவர்த்திக்கு நெருப்புக் கேட்டு வருகிறாள் தையல்காரப் பெண் மிமி. அவள் சாவி இருட்டில் விழுந்துவிடுகிறது. கவிஞனும் சேர்ந்து தேடுகிறான். சாவி அவன் கையில் அகப்படுகிறது. அதைச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டு தேடுவதுபோல் நடிக்கிறான். அவள் கை தட்டுப்படுகிறது. பாட்டுப் பிறக்கிறது!

நம் நாட்டு வேலனும் இதே வேலையைத்தான் செய்தான். தினைப்புனத்தில் வள்ளி தனியாக இருக்கிறாள். மானைத் தேடி வந்த வேடன்போல அங்கே போய் நிற்கிறான் வேலன். மான் ஒரு சாக்கு. தேடி வந்தது மங்கையை! காதலுக்கு இத்தாலி என்றும் தமிழ்நாடு என்றும் பேதம் இல்லை போலும்.

வள்ளி திருமணம்

வள்ளி கதை நமக்கு வேற்றூர்க் கதை அல்ல. வள்ளியை முருகன் மணந்த இடம் என்று போற்றப்படும் திருத்தணி நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பொன்னேரி வட்டாரத்துச் சிறுவாபுரிக் கோவிலில் வள்ளியின் கையைப் பிடித்தபடி மணக்கோலத்தில் நிற்கிறான் முருகன். கலியாணம் கூடிவர வேண்டும் என்று அங்கே வேண்டிக்கொள்ள வருகிறவர்கள் எத்தனையோ பேர்.

அந்தக் கதையைச் சங்கரதாஸ் சுவாமிகள் நாடகமாக்கினார். நம்பிராஜன், வள்ளி, நாரதர், வேலன், விருத்தன் என்று பாத்திரங்கள் சிலவே. ஆனால் விடிய விடிய நடக்கும். காரணம், வேலனுக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம். அவன் ஒரு பாட்டில் கேட்பான். அவள் ஒரு பாட்டில் மடக்குவாள். இதற்கு ஒத்திகை கிடையாது. புத்தகத்தில் இருப்பது பாதி. அந்த நேரத்தில் தோன்றுவது பாதி.

ஸ்பெஷல் நாடகம் என்ற ஒரு வழக்கம் அப்போது இருந்தது. ஒரு கம்பெனியாகச் சேர்ந்து இருக்கமாட்டார்கள். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார். பபூன் மூன்றாவது ஊர். முன்பின் பழக்கமில்லாதவர்கள் அன்று மாலையில் சந்தித்து, இரவில் கணவன் மனைவியாக நடிப்பார்கள்! சுவாமிகளின் நாடகம் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் இது நடந்தது. ஆனால் ஒருவர் பலசாலியாகவும் மற்றவர் நோஞ்சானாகவும் இருந்துவிட்டால் தொலைந்தது. பலசாலி பாடிப் பாடியே எதிராளியை மேடையிலிருந்து விரட்டிவிடுவார். கச்சேரியா, மல்யுத்தமா என்று சந்தேகம் வந்துவிடும்.

கொடுமுடிக் குயில்

இங்கே இன்னொருவரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

காவிரிக்கரையில் உள்ள கொடுமுடியில் 1908-ம் ஆண்டு அக்டோபர் 10-ந்தேதி பிறந்தவர் சுந்தராம்பாள். தாயார் பெயர் பாலாம்பாள். கிட்டப்பா வீட்டைவிடக் கொடிய வறுமை. ரெயிலில் பாடிப் பிழைத்த சிறுமி அவர். அந்தக் குரல் நாடகக்காரர்கள் காதில் விழுந்தது. வேலு நாயர் கம்பெனியில் சேர்ந்தார். ஆண் வேஷம், பெண் வேஷம் இரண்டும் கட்டினார். இலங்கைக்குப் போனார். அங்கே அவர் பாட்டுக்குத் தனி மவுசு ஏற்பட்டுவிட்டது. கொழும்புத் தமிழர்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகவே கொண்டாடினார்கள்.

1926-ம் ஆண்டு. கிட்டப்பாவும் கொழும்புக்கு வந்து சேர்ந்தார். அந்த நாளில் இலங்கைக்குப் போவது பெரிய காரியம் அல்ல. தனுஷ்கோடி வரை ரெயில். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். மறுபடி கொழும்புக்கு ரெயில். 1914-ல் ஏற்பட்ட இந்த வழியில் வியாபாரிகளும் தோட்டத் தொழிலாளர்களும் நாடகக்காரர்களும் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

கிட்டப்பாவையும் சுந்தராம்பாளையும் ஒரே மேடையில் ஏற்றவேண்டும் என்று நாடக ஏற்பாட்டாளர்களுக்கு ஆசை வந்தது. நாடகம் வள்ளி திருமணம். வேலன், கிட்டப்பா. வள்ளி, சுந்தராம்பாள்.

செய்தி பரவியதும் பரபரப்பு ஏற்பட்டது. அந்தச் சிறு பெண்ணுக்குப் பலர் பயம் காட்டினார்கள் என்று நாடக உலகில் சொல்வார்கள். கிட்டப்பாவின் பாட்டுக்கு முன்னால் நிற்கமுடியாது, இத்தனை நாள் சம்பாதித்த பேரெல்லாம் ஒரே ராத்திரியில் போய்விடும் என்று எச்சரித்தார்களாம். அவர் பின்வாங்கவில்லை. பணிவோடு, ஆனால் பயமில்லாமல் ஒப்புக்கொண்டார்.

கிட்டப்பாவுக்கும் அது சோதனைதான். அவருக்கு அது புது ஊர். அங்கே செல்வாக்கு சுந்தராம்பாளுக்கு. தோற்றால், தமிழ்நாட்டில் கட்டிய கோட்டையிலும் விரிசல் விழும்.

அந்த இரவு

திரை விலகியது. தினைப்புனத்தில் வள்ளி நின்றாள். வேலன் நுழைந்தான்.

காயாத கானகத்தே என்று தொடங்கும் சுவாமிகளின் பாட்டு, வேலன் வள்ளியைச் சந்திக்கும் கட்டத்துக்கு உரியது. கிட்டப்பா என்றதும் இன்றைக்கும் நினைவுக்கு வருவது அந்தப் பாட்டுத்தான். மானை விசாரிப்பதுபோல மங்கையை வர்ணிக்கும் பாட்டு. சாதாரணப் பாடகன் அதைச் சொல்லிவிட்டுப் போவான். கிட்டப்பா ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே ஏறுவார். இதற்குமேல் இடமில்லை என்று கேட்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்போது, இன்னும் ஒரு படி ஏறி நின்று புன்னகை செய்வார்.

மற்ற ஸ்திரீபார்ட்டுகள் திணறும் இடம் அது. ஆண் பாடும் சுருதி ஒன்று, பெண் பாடும் சுருதி ஒன்று. ஒருவருக்கு வசதியாக வைத்தால் மற்றவருக்குக் கஷ்டம். இங்கேயோ அதிசயம் நடந்தது. அவரும் உச்சக் குரல். இவரும் உச்சக் குரல். ஒரே ஹார்மோனியச் சுருதியில் இருவரும் நின்றார்கள். அவர் விட்ட இடத்தில் இவர் எடுத்தார். இவர் முடித்த இடத்திலிருந்து அவர் பறந்தார். ஒருவரை ஒருவர் வீழ்த்துவார்கள் என்று எதிர்பார்த்து வந்த கூட்டம், ஒருவரை ஒருவர் தூக்கி நிறுத்துவதைக் கண்டது.

போட்டி பார்க்க வந்தவர்கள் ஜோடியைப் பார்த்துவிட்டுப் போனார்கள்!

அன்று முதல் இலங்கையில் அவர்களுடைய நாடகம் என்றால் கூட்டம் அலைமோதியது. கிட்டப்பா-சுந்தராம்பாள் என்று இரண்டு பெயர்களையும் சேர்த்தே சொல்லத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டுக்குத் திரும்பிய பிறகும் அந்த ஜோடிக்கு நிகர் இல்லை. ஒரு பாட்டுக்கு இரண்டு தடவை, மூன்று தடவை ஒன்ஸ்மோர் கேட்டார்கள். கிட்டப்பாவின் அண்ணன் காசி அய்யர் ஹார்மோனியத்தில் அமர்ந்து தம்பிக்குத் துணை நின்றார்.

மேடையில் பூத்த காதல்

வேலனும் வள்ளியும் மேடையோடு பிரியவில்லை. பாட்டில் தொடங்கிய பழக்கம் காதலாக மாறியது. 1927-ல் கிட்டப்பா சுந்தராம்பாளை மணந்துகொண்டார்.

அதற்கு முன்பே கிட்டப்பாவுக்குச் செங்கோட்டையில் மனைவி இருந்தார். கிட்டம்மாள் என்பது அவர் பெயர். அந்தக் காலத்தில் இரண்டாம் தாரம் மணப்பது சட்ட விரோதம் அல்ல. ஊரில் வழக்கமாகவும் இருந்தது. ஆனால் சட்டம் ஒப்புக்கொண்டாலும் மனசு ஒப்புக்கொள்ளுமா? சாதி வேறு. குடும்பம் வேறு. செங்கோட்டையில் ஒரு பெண் காத்திருந்தாள். கொடுமுடியில் ஒரு பெண் காத்திருந்தாள். நடுவில் தவித்தது இருபத்தோரு வயது இளைஞனின் மனசு. வள்ளி, தெய்வானை என்று முருகனுக்கு இரண்டு மனைவியர் இருந்த கதையை மேடையில் பாடுவது சுலபம். வாழ்க்கையில் அதை நடத்துவது சுலபம் அல்ல.

சுந்தராம்பாளுக்கு ஒரு குழந்தை பிறந்தது. அது நிலைக்கவில்லை. அதன்பின் மனக்கசப்புகள் வளர்ந்தன. இடையில் பேசுகிறவர்கள் பேசினார்கள். தம்பதிகள் பிரிந்தார்கள். பிரிவிலும் சுந்தராம்பாள் கணவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். உருக்கமான அந்தக் கடிதங்கள் பின்னாளில் அச்சில் வெளிவந்தன.

தேசத்தொண்டு

கிட்டப்பா நாடகத்தோடு நின்றுவிடவில்லை. காங்கிரஸ் இயக்கம் நாட்டைத் தட்டி எழுப்பிய காலம் அது. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் கதர் உடுத்தினார்கள். தேசியப் பாடல்களைப் பாடினார்கள். புராண நாடகத்தின் நடுவில் தேசபக்திப் பாட்டு வந்தால் கொட்டகையே அதிரும்.

வள்ளி திருமணத்துக்கு இதில் தனிப் பங்கு உண்டு. அதே வேலன் வேஷத்தில் வெள்ளையரைக் கொக்காக உருவகம் செய்து பாடி, போலீசாரிடம் அகப்பட்டுச் சிறை சென்றவர் விசுவநாததாஸ். 1940-ம் ஆண்டு டிசம்பர் 31-ந்தேதி சென்னை மேடையில், முருகன் வேஷத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது. தினைப்புனத்தில் கிளி விரட்டும் கதையிலிருந்து அந்நியரை விரட்டும் பாட்டைப் பிறக்கவைத்த மேடை அது!

தட்டில் பதிந்த குரல்

கிட்டப்பாவின் குரல் இசைத்தட்டுகளில் பதிவானது. ஒரு தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்று அதிகமாகத்தான் பாடமுடியும். மேடையில் அரை மணி நேரம் விரித்துப் பாடுவதை அதற்குள் அடக்கவேண்டும். ஆலாபனை, பாட்டு, பிருகா எல்லாவற்றையும் அந்த மூன்று நிமிஷத்தில் மின்னலாகக் காட்டினார் கிட்டப்பா. தியாகராஜரின் எவரனி என்ற தேவாமிர்தவர்ஷிணி ராகக் கிருதியை அவர் தட்டில் பாடினார். கச்சேரி வித்துவான்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்த உருப்படி, டீக்கடைகளிலும் கலியாண வீடுகளிலும் ஒலித்தது.

நாடகக்காரன் பாட்டு என்றால் ஏளனமாகப் பார்த்த சங்கீத உலகம், கிட்டப்பாவின் பாட்டை மட்டும் அப்படித் தள்ளமுடியவில்லை.

ஓய்ந்த வீணை

ஐந்து வயதிலிருந்து இரவெல்லாம் கண்விழிப்பு. பகலெல்லாம் ரெயில் பயணம். ஓய்வில்லாமல் உச்சத்தில் பாடி வந்த தொண்டை. இவற்றோடு குடும்பக் கவலையும் சேர்ந்தது. கவலையை மறக்க மதுவை நாடினார். அது கவலையைப் போக்கவில்லை. உடம்பைத்தான் போக்கியது. எத்தனையோ கலைஞர்களை விழுங்கிய பூதம், இவரையும் விட்டுவைக்கவில்லை.

வைத்தியம் நடந்தது. கொஞ்சம் தேறுவார். தேறியதும் மேடைக்கு ஓடுவார். பாடாமல் இருக்க அவரால் முடியவில்லை. பாட அழைப்பவர்களும் அவரை விடவில்லை.

1933-ல் திருவாரூரில் நாடகம். நடித்துக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தார். திரை போடப்பட்டது. அதன்பின் கிட்டப்பாவுக்காக அந்தத் திரை விலகவே இல்லை.

கரூசோவின் கதையும் இப்படித்தான். 1920-ம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் புரூக்ளின் பகுதியில் பாடும்போது அவர் வாயிலிருந்து ரத்தம் வந்தது. துணியால் துடைத்துக்கொண்டே பாடினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மறைந்தார். அவருக்காவது 48 வயது வரை கிடைத்தது.

1933-ம் ஆண்டு டிசம்பர் 2-ந்தேதி கிட்டப்பா காலமானார். வயது 27 கூட நிறைந்து நான்கு மாதம் ஆகவில்லை. செய்தி கேட்டுத் தமிழ்நாடு கண்ணீர் விட்டது.

வெள்ளைப் புடவை

சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25. பிரிந்து வாழ்ந்த கணவர்தான். ஆனால் அவர் இறந்த செய்தி வந்ததும் நகைகளைக் கழற்றினார். வெள்ளைப் புடவை உடுத்தினார். அதன்பின் எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். அந்த உறுதியை ஏறக்குறைய 47 ஆண்டுகள் காப்பாற்றினார்!

துக்கத்தில் மூழ்கிக் கிடந்தவரை மறுபடி மேடைக்கு அழைத்து வந்ததில் தீரர் சத்தியமூர்த்திக்குப் பங்கு உண்டு. 1935-ல் நந்தனார் படத்தில் நடிக்க ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் கிடைத்தது. நாடே மூக்கில் விரலை வைத்தது. அதிலும் அவர் ஏற்றது ஆண் வேடம், நந்தனார் வேடம். 1953-ல் ஜெமினியின் அவ்வையாரில் கிழவி வேடம். சட்ட மேலவை உறுப்பினர் பதவியும், 1970-ல் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தன. 1980-ல் மறைந்தார். எந்தப் படத்திலும் அவர் காதலியாகத் தோன்றியதே இல்லை.

செங்கோட்டையிலும் ஒரு பெண் விதவையானார். கிட்டம்மாளைப் பற்றிப் பாடுவாரும் இல்லை, எழுதுவாரும் இல்லை. கலைஞனின் புகழில் ரசிகர்களுக்குப் பங்கு உண்டு. துன்பத்தில் முழுப் பங்கு வீட்டில் இருப்பவர்களுக்குத்தான்.

எஞ்சி நிற்பது என்ன?

முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் 1931-ம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. அதன்பின் இரண்டு ஆண்டுகள் கிட்டப்பா உயிரோடு இருந்தார். ஆனாலும் அவர் ஒரு படத்தில்கூட நடிக்கவில்லை. அவர் நடந்ததை, சிரித்ததை, வேலனாக நின்று வள்ளியை மடக்கியதை நாம் பார்க்க வழியில்லை. சில புகைப்படங்களும் சில இசைத்தட்டுகளும்தான் மிச்சம்.

ஆனால் அந்தக் குரல் விதைத்தது வீண்போகவில்லை. எம்.கே.தியாகராஜ பாகவதரின் பாட்டில் கிட்டப்பாவின் வழி தெரிந்தது. டி.ஆர்.மகாலிங்கம் 1945-ல் ஏவி.எம்.மின் ஸ்ரீவள்ளி படத்தில் வேலனாகத் தோன்றிக் காயாத கானகத்தே பாடியபோது, கிட்டப்பாவே திரும்பி வந்துவிட்டார் என்று பழைய ரசிகர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கொழும்பில் எழுந்த அலை, கொட்டகைகளைத் தாண்டிச் சினிமாத் தியேட்டர்களிலும் அடித்தது.

வள்ளி திருமணம் நாடகமும் சாகவில்லை. தென்பாண்டி நாட்டுத் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடக்கிறது. இப்போது மைக் இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது. யார் பாடினாலும் கடைசி ஆள் வரை கேட்கிறது. ஆனாலும் வேலனாக வருகிற ஒவ்வொரு ராஜபார்ட்டும் அந்தப் பாட்டை எடுக்கும்போது, கூட்டத்தில் ஒரு பெரியவராவது கிட்டப்பாவை அளவுகோலாக வைத்துத்தான் அவரை எடைபோடுவார்.

இசைத்தட்டின் கரகரப்புக்கு நடுவே அந்தக் குரலை இன்றைக்கும் கேட்கலாம். மூன்று நிமிஷம் ஒதுக்கிக் கேட்டுப் பாருங்கள். கொழும்புக் கொட்டகையின் கடைசி மூலையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தவன் ஏன் வீட்டுக்குப் போக மனமில்லாமல் விடியும்வரை உட்கார்ந்திருந்தான் என்பது அப்போது விளங்கும்.